ஷாஃப்ட்டை வெட்டலாமா? கோல்ஃப் கிளப் நீளம் பற்றிக் கேள்வி பதில்

வார இறுதியில் ஜொகூருக்குப் போய் ஆடும் நம் நண்பர்கள் பலர் டிரைவரின் (அதிக தூரம் அடிக்கும், மிக நீளமான கிளப்) நீளத்தைப் பற்றித் தொடர்ந்து கேட்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேலாகக் கிரிப் (கைப்பிடி உறை) மாற்றுவதும் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வெட்டுவதும் என் பொழுதுபோக்கு. எனக்குக் கடையெல்லாம் கிடையாது. சிங்கப்பூர் தெம்பனிஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் துணி துவைக்கும் இடம்தான் என் பட்டறை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸிலிருந்து: அண்ணே, என் டிரைவர் 45.5 அங்குலம். பந்து வலமும் இடமுமாகச் சிதறுகிறது. ஓர் அங்குலம் வெட்டினால் நேராகப் போகுமா? தூரம் எவ்வளவு குறையும்?

நேராகப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது தம்பி. கிளப் முகத்தின் (பந்தை அடிக்கும் பரப்பின்) நடுவில் பந்து படும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் மணிக்கு ஒன்றிரண்டு மைல் குறையலாம். தூரத்தில் பார்த்தால் அது சில மீட்டர். ஹீல் பக்கம் (முகத்தில் ஷாஃப்ட்டை ஒட்டிய பக்கம்) பட்ட ஒரே அடியில் அதைவிட அதிகம் போய்விடும். நீளம் குறைந்த டிரைவரோடு ஆடிய தொழில்முறை வீரர்கள் உண்டு. ரிக்கி ஃபௌலர் 43.5 அங்குல டிரைவர் வைத்திருந்தார். ஜிம்மி வாக்கர் 2017இல் 42 அங்குலம் வரை போனார்.

ஆனால் ரம்பத்தை இப்போதே எடுக்காதீர்கள். வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று வாங்கிக்கொண்டு டிரைவிங் ரேஞ்சுக்குப் போங்கள். பந்தில் பெரிய புள்ளி ஒன்று வைத்து, அந்தப் பக்கம் கிளப்பைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சியில்) வையுங்கள். அடித்தபின் புள்ளி முகத்தில் ஒட்டியிருக்கும். முதலில் வழக்கம்போல் பிடித்துப் பத்துப் பந்து, பிறகு ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பத்துப் பந்து. ஒவ்வொரு அடிக்கும் முகத்தைப் படம் எடுத்துவிட்டுத் துடைத்துவிடுங்கள். சென்ற மாதம் என்னோடு வந்த நண்பருக்கு முதல் பத்துப் புள்ளிகளும் ஹீலிலிருந்து டோ (எதிர் முனை) வரை சிதறிக் கிடந்தன. இறக்கிப் பிடித்த பத்தில் ஏழு, ஒரு ஐம்பது காசு நாணயத்துக்குள் அடங்கின. அவருக்கு வெட்டிக் கொடுத்தேன். இரண்டு பத்தும் ஒரே மாதிரி சிதறினால் நீளத்தில் குறை இல்லை. அந்தக் காசைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.

ஜூரோங்கிலிருந்து: நான் ஏற்கெனவே வெட்டிவிட்டேன். வெட்டிய துண்டு 2 கிராம்கூட இல்லை. ஆனால் ஆட்டும்போது கிளப் தலை இருக்கிற இடமே தெரியவில்லை. ஏன்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஊரில் பழைய வியாபாரிகள் வைத்திருந்த வெள்ளிக்கோலை நினைத்துப் பாருங்கள். எடை அதேதான், தாங்கும் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதைப் பொறுத்துக் கோல் சாயும். ஸ்விங்வெயிட், அதாவது ஆட்டும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதை, அளக்கும் தராசும் அப்படித்தான். கிரிப் நுனியிலிருந்து 14 அங்குலத்தில் கிளப்பைத் தாங்கி, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும். ஷாஃப்ட்டைக் குறைத்தால் சுமார் 200 கிராம் தலை அந்தப் புள்ளிக்கு ஓர் அங்குலம் நெருங்கி வந்துவிடுகிறது. எடை குறையவில்லை, இழுப்பு குறைந்துவிட்டது.

அரையங்குலத்துக்கு ஸ்விங்வெயிட்டில் ஏறக்குறைய 3 புள்ளி போகும். இந்த அளவு எழுத்தும் எண்ணுமாக வரும், டி0க்கு அடுத்துக் கீழே சி9. டி2 இருந்த டிரைவர் ஓர் அங்குலம் குறைந்தால் சி6 ஆகிவிடும். கையில் குச்சி மட்டும் இருப்பதுபோல் தோன்றும். உடனே நாம் அவசரப்பட்டு ஆட்டுவோம், தாளம் கெடும். வெட்டியது பிழையில்லை, வெட்டியதோடு நிறுத்தியதுதான் பிழை.

அவரே மறுபடியும்: அப்படியானால் எவ்வளவு எடை, எங்கே சேர்ப்பது?

தலையில் 2 கிராம் சேர்த்தால் சுமார் ஒரு புள்ளி ஏறும். பழைய நிலைக்கு முழுவதும் வர 10 முதல் 12 கிராம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். 4 கிராமில் தொடங்கி, இருபது பந்து அடித்துவிட்டு இரண்டிரண்டாக ஏற்றுங்கள். பாதி வழியிலேயே ‘சரி, இதுதான்’ என்று கை சொல்லிவிடும். நிறைய பேருக்கு அப்படித்தான் நடக்கிறது. கை சொல்வதை நம்புங்கள்.

உங்கள் டிரைவரில் கழற்றி மாட்டும் திருகு எடை இருந்தால் கனமானதை வாங்கி மாட்டுவது சுத்தமான வழி. இல்லையென்றால் ஈய டேப்பை அடிப்பகுதியில் ஒட்டுங்கள். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் உரியும், ஒட்டும் இடத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒட்டியபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம் விளையாட்டில்லை. பந்து வலப்பக்கம் வளைகிறவர்கள் ஹீல் பக்கம் ஒட்டலாம், கொஞ்சம் உதவும். கிரிப்புக்குள் எடை போடாதீர்கள். தலை இன்னும் லேசாகத்தான் தெரியும்.

பொங்கோலிலிருந்து: வெட்டினால் ஷாஃப்ட் விறைப்பாகிவிடும் என்கிறார்களே?

கிரிப் பக்கம் வெட்டினால் சற்று விறைப்பாகும். தலையில் எடை சேர்த்ததும் மறுபடி வளைந்துகொடுக்கும். இரண்டும் ஏறக்குறைய சரியாகிவிடும். தலைப்பக்க நுனியை வெட்டினால்தான் விறைப்பு நன்றாகத் தெரியும். புது ஷாஃப்ட் பொருத்தும்போது செய்கிற வேலை அது. நீளத்தைக் குறைக்க அந்தப் பக்கம் போக வேண்டாம்.

செங்காங்கிலிருந்து: அக்கா ஒருவருக்காகக் கேட்கிறேன். உயரம் 152 செ.மீ. கணவருடைய பழைய செட்டை ஓர் அங்குலம் வெட்டினால் போதுமா?

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: வேண்டாம். ஆண்களுக்கான எஃகு ஷாஃப்ட்டின் கனம் வெட்டினாலும் போகாது, விறைப்பும் குறையாது. நீளம் பொருந்தும், கிளப் பொருந்தாது. பெண்களுக்கான செட் முதலிலேயே நீளம் குறைவு, ஷாஃப்ட்டும் லேசு. பழையதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவர் ஆட்டத்தை விரும்பித் தொடர்வாரா என்பது இதில்தான் இருக்கிறது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: என் எட்டு வயது மகனுக்கு என் பழைய 7ஆம் எண் அயர்னை (டிரைவரைவிடக் குட்டையான, உலோகத் தலை கிளப்) வெட்டிக் கொடுக்கவா?

அதே பதில்தான், இன்னும் அழுத்தமாக. பிள்ளைகளுக்கு அந்தத் தலை பாரம். அதைத் தூக்க உடம்பைப் பின்னால் சாய்த்துப் பழகிவிடுவார்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு. சிறுவர் கிளப் ஒன்றே ஒன்று வாங்கினால்கூடப் போதும்.

யீஷூனிலிருந்து: அயர்ன் செட் முழுவதும் அரையங்குலம் குறைத்தேன். இப்போது நல்ல அடிகூட வலப்பக்கம் போகிறது. நான் வலக்கைக்காரன்.

லை கோணத்தை (தலை தரையில் அமரும்போது ஷாஃப்ட் சாய்ந்திருக்கும் கோணத்தை) பார்த்தீர்களா ஐயா? கிளப் குட்டையானதும் நாம் பந்துக்கு நெருங்கி நிற்கிறோம். ஷாஃப்ட் நிமிர்ந்துவிடுகிறது. அப்போது டோ தரையைத் தட்டும், ஹீல் எழும்பும், முகம் வலப்பக்கம் திரும்பும். அரையங்குலத்துக்குச் சுமார் ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தில் மார்க்கரால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு சாய்ந்திருந்தால் அதுதான் காரணம். கிளப் ஃபிட்டரிடம் (கிளப்பை ஆளுக்கேற்பச் சரிசெய்பவரிடம்) கொடுத்தால் அதற்கான இயந்திரத்தில் வளைத்து நிமிர்த்தித் தருவார். இதை வீட்டில் செய்யக் கூடாது.

அமெரிக்கத் தொழில்முறை வீரர் பிரைசன் டிஷாம்போ எல்லா அயர்னையும் ஒரே நீளத்தில் வைத்து 2020, 2024 அமெரிக்க ஓப்பன் வென்றதைச் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தத் தலைகள் எல்லாம் ஒரே எடையில் செய்யப்பட்டவை. சாதாரண செட்டை வெட்டி அதைக் கொண்டுவர முடியாது.

தோ பாயோவிலிருந்து: பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பை) 35இலிருந்து 33 அங்குலம் ஆக்கலாமா?

தாராளமாக. குனிந்து நிற்பவர்களுக்கு நல்லது. ஆனால் தலை லேசாகி, நீளமான பட் (உருட்டும் அடி) எல்லாம் குழிக்கு முன்னால் நின்றுவிடும். அங்கேயும் எடை சேர்க்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் தம்பி மறுபடியும்: சோதித்துவிட்டேன் அண்ணே, வெட்டத்தான் போகிறேன். எப்படி?

எஃகு என்றால் குழாய் வெட்டும் கட்டர் போதும். கிராஃபைட்டில் அதை வைக்கவே கூடாது, நார் நசுங்கிவிடும். முதல் கிராஃபைட் ஷாஃப்ட்டை நான் டேப் சுற்றாமல் அறுத்தேன். கடைசி இழுப்பில் நார் நீளமாகப் பிளந்து உரிந்து, ஷாஃப்ட்டே வீணானது. அதனால் வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று சுற்று, அதன்மேல் கோடு, நுண்பல் ஹேக்ஸா ரம்பம். அழுத்தாமல், ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் அறுங்கள். முகக்கவசம் கட்டாயம். ஈரத்துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள், தூள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் துணிக்குப் போகக் கூடாது.

முதலில் அரையங்குலம் மட்டும். எக்ஸ்டென்ஷன் (நுனியில் செருகும் நீட்டுத் துண்டு) வைத்து நீட்ட வழி உண்டு என்றாலும், எனக்கு அந்த உணர்வு பிடிப்பதில்லை. ஷாஃப்ட் கீழே போகப் போக மெலிவதால், புதுக் கிரிப் போடும்போது டேப் ஒரு சுற்று அதிகம் வையுங்கள். இல்லையென்றால் கைக்குள் ஒல்லியாகி, வியர்வையில் சுழலும். ஓர் இரவு காயவிட்டு மறுநாள் அடியுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: வெட்டிய கிளப்புக்குப் போட்டியில் அனுமதி உண்டா?

உண்டு. விதிப்படி கிளப் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பட்டர் தவிர மற்றவை 48க்கு மேல் போகக் கூடாது. 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் 46 என்று கட்டுப்படுத்தும் உள்ளூர் விதியும் (போட்டி நடத்துபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்வது) இருக்கிறது. ஈய டேப்பை ஆட்டத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். சுற்று தொடங்கியபின் கூட்டவோ குறைக்கவோ கூடாது.