சுவாசக் குழாய்க்குக் கிருமித்தடுப்புப் பூச்சு: கேள்வி பதில்

கல்முனையிலிருந்து ஒரு தாதி: சேர், செயற்கைச் சுவாசத்துக்காக மூச்சுக்குழலுக்குள் விடும் குழாயில் வெள்ளிப் பூச்சு இருந்தால் வென்டிலேட்டர் நியூமோனியா (சுவாச இயந்திரத்தில் இருக்கும்போது வரும் நுரையீரல் தொற்று) வராது என்கிறார்கள். உண்மையா?

குறையும், அடியோடு நிற்காது. 2008இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ குழாயோடு இருந்தவர்களில் சாதாரணக் குழாய்க்காரர் 7.5 வீதத்தினருக்கும் வெள்ளிக் குழாய்க்காரர் 4.8 வீதத்தினருக்கும் நியூமோனியா வந்தது. ஆனால் மரணங்களும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கிய நாட்களும் குறையவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெள்ளி அயன் பக்டீரியாப் புரதத்திலுள்ள கந்தகத்தைப் பிடித்துத்தான் அதைக் கொல்கிறது. சளியிலும் கந்தகப் புரதம் உண்டு, குளோரைட்டும் உண்டு. அதனால் சளி அப்பிய இடத்தில் வெள்ளி சளிக்கே செலவாகிவிடும்; அதன் மேல் கிருமிப்படலம் வளரும்.

மட்டக்களப்பிலிருந்து: எங்களிடம் பூச்சில்லாத சாதாரண பிவிசி பிளாஸ்டிக் குழாய்தான் இருக்கு. என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். வாயிலிருந்து இறங்கும் எச்சில் கஃப்புக்கு (குழாயைச் சுற்றியுள்ள, காற்றடைத்த சிறு பலூன்) மேலே தேங்கி, அதன் மடிப்புகள் வழியே நுரையீரலுக்குக் கசியும். எந்தப் பூச்சும் இந்தக் கசிவை அடைக்காது. கஃப் அழுத்தத்தை 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் அளவில் வையுங்கள். 20க்குக் கீழே போனால் கசியும். 30ஐத் தாண்டினால் மூச்சுக்குழல் சுவரில் இரத்தோட்டம் தடைப்படும். ஒவ்வொரு கடமை முறையிலும் அழுத்தமானியால் அளவுங்கள், விரலால் அமத்திப் பார்த்து நம்ப வேண்டாம். மானியை இணைக்கும்போதே கொஞ்சம் காற்று அதன் குழாய்க்குள் போய் அழுத்தம் இறங்கும், அதைத் திரும்ப நிரப்பிவிடுங்கள். கட்டில் தலைமாடு 30 முதல் 45 பாகை. பல் துலக்கிவிடுங்கள். கஃப் காற்றை இறக்குமுன் தொண்டையைச் சக்ஷன் பண்ணுங்கள்.

ஒலுவில் மாணவர்: பிவிசி துண்டில் நாங்கள் பூசிய வெள்ளி, வளைத்தால் உரிகிறது. ஆய்வுகூடத்தில் மட்டும் கிருமி முழுதாகச் சாகிறது.

தம்பி, இரண்டும் வேறு வேறு பிரச்சினை. பிவிசியை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மேற்பரப்புக்குக் கசிந்து வரும், அதனால்தான் பூச்சு ஒட்டுவதில்லை. ஐசோபுரோப்பனோல் என்ற அற்ககோலால் துடைத்து உலர்த்தி, ஒட்சிசன் பிளாஸ்மா (மின்னால் அயனாக்கிய ஒட்சிசன் வாயு) கொடுத்த உடனேயே பூசுங்கள். பிறகு குழாயாகவே வளைத்து நுணுக்குக்காட்டியில் வெடிப்புத் தேடுங்கள். உரிந்த துகள் போய்ச் சேரும் இடம் நுரையீரல்.

பரிசோதனையில், மேற்பரப்பு கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 22196 என்ற சர்வதேச நியம முறையைத்தான் பின்பற்றியிருப்பீர்கள்: 50 மில்லிமீற்றர் சதுரத் துண்டு, 0.4 மில்லிலீற்றர் கிருமிக் கரைசல், 35 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம். அதில் ஊட்டக் கரைசல் 500 மடங்கு ஐதானது, புரதம் அற்பம், வெள்ளிக்கு எதிரியே இல்லை. மியூசின் (சளியிலுள்ள புரதம்) சேர்த்த செயற்கை எச்சிலில் 3, 5, 7 நாட்கள் ஓட விட்டுப் பாருங்கள். கிருமியைக் கழுவியெடுக்கும்போது சோடியம் தயோகிளைகொலேற்றால் வெள்ளியைச் செயலிழக்கச் செய்யாவிட்டால், கிருமியை வளர்த்து எண்ணும் ஏகார்த் தட்டுக்குப் போன பிறகும் வெள்ளி கொன்றுகொண்டிருக்கும். அதையும் பூச்சின் வெற்றி என்று எண்ணிவிடுவீர்கள்.

காத்தான்குடியிலிருந்து: பூச்சுக் குழாயைக் கழுவித் திரும்பப் பாவிக்கலாமா?

கூடாது. ஒருவருக்கு ஒருமுறைதான்.

ஏறாவூரிலிருந்து: வாப்பாவுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கு. வீட்டில் அதன் உள்குழாய்க்கு (கழற்றிக் கழுவும் உட்பகுதி) ஏதும் மருந்து பூசலாமா?

எதையும் பூசாதீர்கள், பூசியது மூச்சோடு உள்ளே போகும். உள்குழாயை ஆறின நீரில் மென்தூரிகையால் கழுவுங்கள். சுடுநீர் சளியை இறுகவைக்கும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் அலசுங்கள். பிளாஸ்டிக் குழாயை அவிக்க வேண்டாம், வடிவம் கெடும். நன்றாகக் காய்ந்த பிறகே டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா அதற்குள்ளேயே பெருகும்.