கணினி கேள்வி-பதில்: விளம்பரம் வராது என்றார்களே?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். விளம்பரத்தைத் தடுக்கும், யாரும் நம்மைப் பின்தொடர முடியாது என்று கேள்விப்பட்டு, ஆபீஸ் கணினிகள் எல்லாவற்றிலும் பிரேவ் பிரவுசரைப் போட்டோம். இ-வே பில் எடுக்கப் புதிய டேப் திறந்தால், திரையை அடைத்துக்கொண்டு ஒரு கிரிப்டோ நிறுவனத்தின் படம் நிற்கிறது. “வெளம்பரமே வராதுன்னு சொன்னீங்களே, இது என்னங்க?” என்று முதலாளி கேட்கிறார். நாங்கள் ஏமாந்துவிட்டோமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: ஏமாறவில்லை, ஆனால் உங்களுக்கு முழு விவரமும் சொல்லப்படவில்லை. அடுத்தவர் நம்மை உளவு பார்க்காமல் தடுப்பது ஒரு வேலை, விளம்பரமே கண்ணில் படாமல் செய்வது வேறொரு வேலை. பிரேவ் முதல் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. இரண்டாவதில், வலைத்தளங்கள் காட்டும் விளம்பரங்களை நீக்கிவிட்டுத் தன்னுடைய இடத்தை மட்டும் தானே விற்றுக்கொள்கிறது. புதிய டேப்பின் பின்னணிப் படம் அப்படி விற்கப்பட்ட இடம்தான்.

வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியை உருவாக்கியவரும், ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மோசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவருமான பிரெண்டன் ஐக், 2015-இல் பிரையன் பாண்டியுடன் சேர்ந்து நிறுவியது பிரேவ். உளவு பார்க்காத விளம்பரத்தை விற்றுப் பிழைக்க முடியும் என்பதே தொடக்கம் முதல் அதன் கணக்கு. வலைத்தளங்களின் வழக்கமான விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. சாதாரணமாக ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால், பக்கம் திரைக்கு வருவதற்குள், நீங்கள் எந்த ஊர், எந்தக் கருவி, இதற்கு முன் எதைத் தேடினீர்கள் என்ற விவரங்கள் முகம் தெரியாத பல நிறுவனங்களுக்குப் போய், உங்கள் பார்வைக்கு ஏலம் நடந்து முடிந்திருக்கும். பிரேவின் பின்னணிப் படமோ, அந்தந்த நாட்டுக்கென்று மொத்தமாகக் கணினியில் இறக்கி வைக்கப்பட்டு, இடையிடையே காட்டப்படுகிறது. அதைக் காட்டுவதற்காக நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல் வெளியே போவதில்லை. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாமல் துண்டு மறைத்துவிடுகிறது. அந்தத் துண்டிலேயே ஒரு நகைக்கடையின் பெயரை அச்சடித்திருந்தாலும் விலை வெளியே போகாது, ஆனால் துண்டைக் கொடுத்தவர் அதில் காசு பார்த்திருக்கிறார்.

என் குறை விளம்பரத்தின் மீது அல்ல, அதைக் கேட்காமலே போட்டு வைப்பதன் மீது. ‘இந்தப் படத்தைக் காட்டலாமா?’ என்று நிறுவும்போதே ஒரு வரி கேட்டிருந்தால் உங்கள் முதலாளிக்குக் கோபம் வந்திருக்காது. படத்தை விடக் கடுமையான ஒன்றும் இதே பிரவுசரில் நடந்திருக்கிறது. முகவரிப் பட்டியில் ஒரு கிரிப்டோ சந்தையின் பெயரைத் தட்டினால், பிரேவ் தனக்குக் கமிஷன் வரும்படியான குறியீட்டைத் தானே சேர்த்து முகவரியை நிரப்பியது 2020 ஜூனில் வெளியே வந்தது. ஐக் அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டார், வசதியும் திருத்தப்பட்டது. படமாவது சும்மா நிற்கிறது. இதுவோ நாம் தட்டிய எழுத்திலேயே கைவைத்த வேலை.

படத்தை நிறுத்தப் புதிய டேப்பின் கீழே வலப்புறம் உள்ள ‘கஸ்டமைஸ்’ பொத்தானை அழுத்தி, பின்னணிப் படத்துக்கான பகுதியில் ‘ஸ்பான்சர்டு இமேஜஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதால் ஒரு மதியம் அதற்கே போகும்.

கேள்வி: அப்படியானால் ஃபயர்பாக்ஸுக்கு மாறிவிடலாமா? அது லாப நோக்கமற்ற அமைப்பினுடையதுதானே?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக மாறலாம், ஆனால் அங்கே விளம்பரம் இருக்காது என்று நம்பி மாறாதீர்கள். ஃபயர்பாக்ஸை உருவாக்குவது லாப நோக்கமற்ற மோசில்லா அறக்கட்டளைக்குச் சொந்தமான ஒரு கம்பெனி. அதன் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளையே இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுள் தரும் பணம். உளவைத் தடுப்பதாகச் சொல்லும் பிரவுசர், உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனத்தின் காசில் நடக்கிறது! விளம்பர விஷயத்தில் அதற்கும் சில சறுக்கல்கள் நேர்ந்திருக்கின்றன. 2017 டிசம்பரில், ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்துக்கான நீட்சியை (பிரவுசரோடு இணைந்து இயங்கும் சிறு நிரலை) பயனாளிகளுக்குச் சொல்லாமலே அவர்கள் கணினியில் இறக்கினார்கள். 2023 மே மாதம், மோசில்லாவின் சொந்த வி.பி.என். சேவைக்கான (நம் இணைய இணைப்பை மறைத்து அனுப்பும் கட்டணச் சேவை) விளம்பரம் பக்கத்தை மறைத்துக்கொண்டு திடீரென்று எழுந்து நின்றது; எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் வந்த 128-ஆம் பதிப்பில், விளம்பரங்களின் பலனை அளக்கும் வசதி ஒன்று கேட்காமலே இயங்கும் நிலையில் வந்தது. வியன்னாவில் உள்ள நோய்ப் என்ற தனியுரிமை அமைப்பு அது பற்றி ஆஸ்திரியத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தது.

இத்தனையும் சொன்ன பிறகும் என் மடிக்கணினியில் இருப்பது ஃபயர்பாக்ஸ்தான். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி அதில் முழு வலிமையோடு இயங்குகிறது. குரோம் தன் விதிகளை மாற்றி அந்த நீட்சியின் முழு வடிவத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. புதிய டேப்பில் ‘ஸ்பான்சர்டு’ என்று சிறிய எழுத்தில் குறிக்கப்பட்ட குறுக்குவழிகள் தெரிந்தால், அந்தப் பக்கத்திலேயே அமைப்புகளைத் திறந்து அவற்றை நீக்கலாம். தேடல் பகுதியில் விளம்பரதாரர்களின் பரிந்துரைகளுக்கான தேர்வு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிரேவில் விளம்பரம் பார்த்தால் பணம் கிடைக்குமாமே, உண்மையா?
— கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: நீங்களாக விரும்பிச் சேர்ந்தால், விளம்பர வருவாயில் ஒரு பங்கை பி.ஏ.டி. என்ற கிரிப்டோ டோக்கனாகத் தருகிறார்கள். டீச்செலவுக்குக்கூடக் காணாது. விற்று ஆதாயம் வந்தால் 30 சதவீத வரியும் உண்டு.

கேள்வி: எங்கள் அப்பிச்சி தினமும் மஞ்சள் விலை பார்க்கக் கைபேசியில் பிரவுசரைப் பயன்படுத்துகிறார். சில நாட்களாகப் பிரவுசரை மூடிய பிறகும் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. இதுவும் பிரவுசர் கம்பெனியின் விளம்பரமா?
— வாசகி, பெருந்துறை

பதில்: இல்லை. விலை போடும் ஏதோ ஒரு தளம் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?’ என்று கேட்டிருக்கும்; விலையைப் பார்க்கும் அவசரத்தில் அப்பிச்சி ‘அலோ’ என்பதைத் தொட்டிருப்பார். அது முதல் அந்தத் தளம் தன் இஷ்டத்துக்கு அனுப்புகிறது. எந்தத் தனியுரிமைப் பிரவுசராக இருந்தாலும், அதைப் பயன்படுத்துகிறவரே கொடுத்த அனுமதியை அதனால் தட்ட முடியாது. வைரஸும் இருக்காது, பயமுறுத்தி ஒரு செயலியை இறக்க வைப்பதே நோக்கம். ஆகவே அந்த அறிவிப்பை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பிரவுசரின் ‘சைட் செட்டிங்ஸ்’ பகுதிக்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் அனுமதி பெற்ற தளங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், எல்லாவற்றையும் நீக்குங்கள். இனி எந்தத் தளமும் அனுமதியே கேட்காதபடி செய்யும் தேர்வும் அதே பக்கத்தில் உண்டு. வங்கிச் செயலியின் அறிவிப்புகள் வேறு வழியாக வருவதால் அவை நின்றுபோகாது.