பகலில் குடிங்க, ராத்திரி தூங்குங்க

டாக்டர் பதில்கள்

ராத்திரி எழுந்து எழுந்து பாத்ரூம் போவதைப் பற்றி இந்த முறை கட்டுக்கட்டாகக் கடிதங்கள். குளிர் ஆரம்பித்தால் இப்படித்தான், வியர்வையாகப் போகவேண்டியதும் சிறுநீராகவே வெளியே வரும். அதனால் இந்த இதழ் முழுக்க இந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்கிவிட்டேன். சுகர், தைராய்டு என்று எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 67. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ராத்திரி நாலு தடவையாவது எழுந்துவிடுகிறேன். மகள் சொன்னாள் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரைத் தொடுவதில்லை. பகலிலும் குறைத்துப் பார்த்துவிட்டேன். எண்ணிக்கை குறையவில்லை, மலச்சிக்கல்தான் புதிதாக வந்து சேர்ந்தது. இன்னும் எவ்வளவு குறைக்கணும் டாக்டர்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இனிமேல் ஒரு சொட்டுகூடக் குறைக்காதீர்கள் ஐயா. மகள் சொன்னது சரிதான், சாயங்காலம் குறைக்கலாம். பகலிலும் சேர்த்துக் குறைத்ததில்தான் காரியம் கெட்டது.

தண்ணீர் போதாதபோது சிறுநீர் அடர்ந்து, மஞ்சள் கடுத்து, வாடையோடு வரும். அந்த அடர்த்தி பலருக்குச் சிறுநீர்ப்பையை உறுத்தும். 300, 400 மில்லி வரை பேசாமல் பிடித்து வைத்திருக்கவேண்டிய பை 100, 150-லேயே அவசரப்படுத்த ஆரம்பித்துவிடும். கூடவே மலச்சிக்கல் என்றால் கேட்கவே வேண்டாம், மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருக்கிறது, அது நிறைந்து அடைத்துக்கொண்டால் பை விரிவதற்கு இடம் ஏது? நீங்கள் டியூட்டியில் இருந்த காலத்தில் வண்டி நிற்கிற இடத்தில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று பகலெல்லாம் வாயைக் கட்டி, டிப்போவுக்குத் திரும்பியபிறகு மொத்தமாகக் குடித்திருப்பீர்கள். டிரைவர், கண்டக்டர், டிராபிக் போலீஸ், டீச்சர் எல்லோரும் என்னிடம் சொல்கிற கதை இது. வேலை போனாலும் பழக்கம் போவதில்லை.

நாளைக்கு மொத்தம் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் முக்கால்வாசி மாலை 4 மணிக்குள் உள்ளே போய்விடவேண்டும். எழுந்ததும் ஒரு டம்ளர், காலை டிபனோடு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று, மூன்று மணி வாக்கில் இரண்டு, இந்த மாதிரி. சாயங்காலம் தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகத்தோடு சண்டை போடவேண்டாம், ஆனால் வாய் நனைகிற அளவுக்கு. இரவுச் சாப்பாட்டோடு அரை டம்ளர், மாத்திரை விழுங்க இரண்டு வாய், அப்புறம் படுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் வேண்டாம். ரசம், மோர், கஞ்சி, இளநீர், தர்பூசணி எல்லாம் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். "தண்ணியே குடிக்கலை டாக்டர்" என்று சொல்லிவிட்டு ராத்திரி எட்டரைக்கு ஒரு பெரிய கிண்ணம் ரசம் குடிப்பவர்கள் உண்டு. கடைசி டீ, காபி மதியத்தோடு முடியட்டும், காபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. இதய வீக்கம், கிட்னி பிரச்சினை என்று டாக்டர் ஏற்கெனவே தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான், என் கணக்கு அவர்களுக்கு இல்லை. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு 2 லிட்டர் காணவே காணாது.

இன்னொரு வேலையும் உண்டு, கொஞ்சம் சங்கடமானது. கடையில் அளவு போட்ட பிளாஸ்டிக் ஜக்கு கிடைக்கும், ஒன்று வாங்கி மூன்று நாள் ஒவ்வொரு தடவையும் அளந்து, மணியோடு நோட்டில் எழுதுங்கள். படுக்கப்போகும் முன் போவது பகல் கணக்கு. நடுராத்திரி போவதும், காலையில் எழுந்ததும் முதலில் போவதும் ராத்திரிக் கணக்கு. 65 வயதைத் தாண்டியவருக்கு ராத்திரிக் கணக்கு, 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் உடம்பு ராத்திரியில் அதிகமாகச் சிறுநீர் உற்பத்தி செய்கிறது என்று பொருள். (இளம் வயதினருக்கு அந்த எல்லை ஐந்தில் ஒரு பங்கு.) மூளையிலிருந்து சுரக்கும் வாசோபிரசின் என்கிற ஹார்மோன் ராத்திரியில் கூடுதலாகச் சுரந்து கிட்னியை அடக்கி வைக்கும், வயதானால் பலருக்கு அந்த ராத்திரிச் சுரப்பு குறைகிறது. அப்படியில்லாமல் ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிதான் வருகிறது, நின்று முக்கவேண்டியிருக்கிறது, போய் வந்தபிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறது என்றால் பார்க்கவேண்டியது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியை. அதற்குத் தண்ணீர் நேரத்தை மாற்றினால் மட்டும் போதாது, ஒரு ஸ்கேனும் யூராலஜிஸ்டும் வேண்டும். எதுவாக இருந்தாலும் அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். வயது 39. பாத்ரூம் மூன்றாவது மாடியில், அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் கடையில் ஒரு டம்ளருக்கு மேல் குடிப்பதில்லை. ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்ததும் செம்போடு எடுத்து அப்படியே குடிப்பேன். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்துகொள்கிறேன். இந்த வருஷம் இரண்டு தடவை நீர்க்கடுப்பும் வந்துவிட்டது.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது அம்மா, உங்கள் கடைதான் சரியில்லை. ஒன்பதரைக்கு மடமடவென்று குடித்த தண்ணீரின் பெரும்பகுதி அடுத்த ஒன்று இரண்டு மணி நேரத்தில் சிறுநீர்ப்பைக்கு வந்துவிடும். நீங்கள் கண் அசரும் நேரமும் அதுதான்.

கடையில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கு வசதி செய்து தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-ல் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். உட்காருவதற்கே சட்டம் போடவேண்டியிருந்தது என்றால் பாத்ரூம் போவதற்கு சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவேண்டியிருப்பதில் ஆச்சரியம் இல்லை, கோபம்தான் வருகிறது. நாலைந்து பெண்களாகச் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்டால்தான் பேச்சு வரும்.

அதுவரை இப்படிச் செய்து பாருங்கள். காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, கிளம்பும்போது ஒரு தடவை பாத்ரூம் போய்வாருங்கள். கடையில் மொத்தமாகக் குடிக்காமல் பாட்டிலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக. மடமடவென்று உள்ளே போகிற தண்ணீரைத்தான் கிட்னி அவசரமாகத் தள்ளிவிடும், அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் என்றால் அந்த அவசரம் இருக்காது. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு டம்ளர், எப்படியும் அப்போது மேலே போவீர்கள். நாலரை, ஐந்து மணிக்கு இன்னொன்று. இப்படிப் பகலில் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போய்விட்டால் ராத்திரி செம்பைத் தூக்கத் தோன்றாது, தோன்றினாலும் ஒரு டம்ளரோடு நிற்கும்.

நீர்க்கடுப்பு விஷயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். நாள் முழுக்க அடக்குவதும், குடிக்காமல் இருப்பதும் கிருமி தங்குவதற்கு வசதி. இன்னொரு தடவை எரிச்சல் வந்தால் மெடிக்கலில் போய் மாத்திரை கேட்காமல், எந்தக் கிருமி என்று காட்டும் யூரின் கல்ச்சர் சோதனை எடுத்துவிடுங்கள். சுகரும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 71. பிரஷர் இருக்கிறது, அம்லோடிபின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார். முன்பே ஒரு டாக்டர் அளந்து எழுதச் சொன்னார். காலை முதல் படுக்கும் வரை 650 மில்லி, ராத்திரியும் விடிந்ததும் சேர்த்து 1,050 மில்லி. சாயங்காலம் பார்த்தால் கணுக்காலில் கொலுசு பதிந்த தடம் போகவே மாட்டேன் என்கிறது. ராத்திரி தண்ணீர் கொடுப்பதே இல்லை. அப்புறம் எங்கிருந்து வருகிறது?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். அந்தக் கொலுசுத் தடத்தில் இருந்துதான் வருகிறது.

பகல் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் இருப்பதில் நீர் இறங்கிக் காலில் தேங்குகிறது. படுத்ததும் கால் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது இல்லையா, தேங்கியது மெல்ல ரத்தத்தில் கலக்கிறது. இதயத்தின் மேலறை விரிந்து, "நீர் அதிகமாகிவிட்டது, வெளியேற்று" என்று ஒரு ஹார்மோன் மூலம் கிட்னிக்குத் தகவல் போகிறது. கிட்னி ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறது. அம்மாவின் கணக்கில் மொத்தம் 1,700-ல் ராத்திரிப் பங்கு 62 சதவீதம். ராத்திரி தண்ணீரை நிறுத்தியும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான், அவர் மதியம் குடித்ததே காலில் காத்திருந்துவிட்டு வருகிறது.

அதை ராத்திரி வருவதற்கு முன்னால் சாயங்காலமே கழித்துவிடவேண்டும். மூன்றரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, காலுக்கடியில் இரண்டு தலையணை. கால் நெஞ்சு மட்டத்துக்கு வரவேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டுவது போதாது. எழுந்தபிறகு வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடக்கட்டும். ஆறு ஏழு மணிக்குள் இரண்டு தடவை பாத்ரூம் போனார் என்றால் அது ராத்திரி போகவேண்டியது.

அம்லோடிபின் கணுக்கால் வீக்கம் தருவது தெரிந்த விஷயம், 10 மில்லிகிராமில் இன்னும் அதிகம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வீக்கத்தைக் காட்டுங்கள், அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ வழி இருக்கிறது. நீர் பிரிகிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று எழுதவில்லை, சாப்பிட்டால் எந்த நேரத்தில் என்று கேளுங்கள். ராத்திரி சாப்பிட்டால் ராத்திரிதான் வேலை செய்யும். வீக்கத்தோடு மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது இருந்தால் இந்தத் தலையணை வைத்தியம் எல்லாம் வேண்டாம், உடனே காட்டவேண்டும்.

அப்புறம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, ராத்திரி இட்லிக்குப் பொடி என்று போனால் நம் வீடுகளில் மதியமே அதைத் தாண்டிவிடும். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உப்பு அதிகம் சாப்பிடுபவர்களைக் கொண்டு செய்த ஆய்வை 2017-ல் லண்டனில் நடந்த ஐரோப்பிய யூராலஜி மாநாட்டில் வெளியிட்டார்கள். நாளைக்கு 10.7 கிராமில் இருந்து 8 கிராமாகக் குறைத்தவர்களுக்கு ராத்திரி எழுவது சராசரியாக 2.3 தடவையில் இருந்து 1.4 ஆனது. கவனியுங்கள், 8 கிராம் என்பதே அதிகம்தான், அதற்கே இந்தப் பலன். தண்ணீரைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிறோம், ஊறுகாய் பாட்டிலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கேள்வி: படுக்கும்போது பால் குடிக்காவிட்டால் எனக்குத் தூக்கமே வராது. விடவேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். டம்ளரை அரை டம்ளராக்கி, எட்டு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் எழுந்ததும் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்தது. நல்லதுதானே?
– வாசகர், ஆவடி

பதில்: குடித்ததில் பெரும்பகுதி ஒன்பது மணிக்குள் வெளியே போய்விடும், பதினொன்றுக்கு மறுபடி தாகம் எடுக்கும். ஆபீஸ் பஸ்ஸில் அவஸ்தை வேறு. இரண்டு டம்ளர் போதும், மிச்சத்தை மதியத்துக்கும் மூன்று மணிக்கும் ஒதுக்குங்கள்.

கேள்வி: கணவருக்கு 52. சுகர் இல்லை, பிராஸ்டேட்டும் நார்மல். தண்ணீர், உப்பு எல்லாம் கட்டுப்படுத்தியாகிவிட்டது. ஆனாலும் மூன்று தடவை எழுகிறார். பக்கத்து அறைக்குக் கேட்கிற குறட்டை. நடுவில் சத்தம் நின்று, திணறி, மறுபடி ஆரம்பிக்கும்.
– வாசகி, கோவை

பதில்: யூராலஜிஸ்டிடம் போய்ப் பயனில்லை அம்மா, தூக்கத்தைப் பரிசோதிக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, மேலே கால் வீக்கத்துக்குச் சொன்ன அதே ஹார்மோன் சுரக்கிறது, கிட்னி கூடுதலாக நீரை வெளியேற்றுகிறது. மூச்சுத் திணறலில் விழிப்பு வந்துவிடும், விழித்ததும் முட்டுவது தெரியும், "யூரின் வந்துதான் எழுந்தேன்" என்பார். பகலில் டி.வி. முன்னால் தூங்கி வழிகிறாரா, காலையில் தலைவலி இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்குச் சிகிச்சை எடுத்ததும் பாத்ரூம் போவது தானாகக் குறைந்தவர்கள் நிறைய உண்டு.

கேள்வி: ராத்திரி சிறுநீரை நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறதாமே, டெஸ்மோபிரசின். வாங்கிப் போடலாமா? வயது 74. போன மாதம் பாத்ரூம் போகும்போது வழுக்கி விழுந்தேன், அந்தப் பயம்தான்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்களாக வாங்கவே கூடாது. உங்கள் வயதில் அது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், குழப்பம், வலிப்பு வரை போகலாம். சோடியம் பார்த்து, திரும்பத் திரும்பப் பரிசோதித்துத்தான் கொடுப்பார்கள். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அடியோடு வராமல் அடைப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

விழுவதைத் தடுக்க இன்றைக்கே செய்யக்கூடியது இருக்கிறது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு, கால்மிதியை எடுத்துவிடுவது, பாத்ரூம் தரை காய்ந்திருப்பது. விழிப்பு வந்ததும் சட்டென்று எழாமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மருந்துக்கடையில் ஆண்களுக்கான யூரின் கேன் மூடியோடு கிடைக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு முறிவதற்கு அது எவ்வளவோ மேல், மருமகள் என்ன நினைப்பாள் என்று யோசிக்காதீர்கள், காலையில் நீங்களே கழுவி வைத்துவிடலாம்.