தைராய்டு டி.எஸ்.ஹெச். நார்மல் ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: பேரணாம்பட்டில் வசிக்கிறேன். வயது 31, ஷூ கம்பெனியில் வேலை. ஆறு மாதம் முன்பு தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். (சுரப்பி குறைவாகச் சுரந்தால் இது ஏறுமாம்) 14 இருந்தது, தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியான ஆன்டி டி.பி.ஓ.வும் மிக அதிகம். ‘ஹஷிமோட்டோ’ என்றார் டாக்டர். தினம் 75 மைக்ரோகிராம் தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு, இப்போது டி.எஸ்.ஹெச். 2.8. ‘நார்மல்தானே, நிறுத்திடு. நானும் நிறுத்திட்டு நல்லாத்தானே இருக்கேன்’ என்கிறார் நாத்தனார். ஆன்டிபாடி மட்டும் குறையவே இல்லை. தைராய்டுக்கு ஆகாது என்கிறார்களே, கோஸையும் அயோடின் உப்பையும் விட்டுவிடட்டுமா? அடுத்த குழந்தைக்கும் யோசிக்கிறோம்.

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. அந்த 2.8 மாத்திரை போட்டதால் வந்தது. உங்கள் சுரப்பி குணமாகிவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை.

ஹஷிமோட்டோ என்பது வேலியே பயிரை மேய்கிற நோய். 1912-ல் ஹகரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய சர்ஜன், நான்கு பெண்களின் தைராய்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, உள்ளே வெள்ளையணுக்கள் அப்பிக் கிடப்பதை எழுதினார். கிருமியைத் தாக்க வேண்டிய அணுக்கள் சொந்தச் சுரப்பியையே அரிக்கின்றன என்பது 1950-களில்தான் புரிந்தது. மாத்திரை அந்த அரிப்பை நிறுத்தாது. சுரப்பி தராத ஹார்மோனை வெளியிலிருந்து தருகிறது, அவ்வளவுதான். அதனால் ஆன்டிபாடி குறையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்பக் காசு கொடுப்பதும் வீண். டி.எஸ்.ஹெச். பார்த்தால் போதும்.

நாத்தனார் விஷயம்: இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகவே ஏழு நாள் ஆகும். அதனால் நிறுத்தியதும் ஒன்றும் தெரியாது; வாரங்கள் போனபின் அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுவது என்று மெல்ல வரும். அவருக்கு வந்தது பிரசவத்துக்குப் பின் வந்து போகும் வகையாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒருமுறை டி.எஸ்.ஹெச். பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சமைத்த கோஸ் வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். அயோடின் உப்பும் அப்படியே இருக்கட்டும்; கூடுதல் அயோடின் மாத்திரை மட்டும் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது மாத்திரை போடும் நேரத்தில். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் நீங்கள். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளித்து, கோலம் போட்டு, உலை வையுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. இன்னொன்று: வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் அடுப்படி அலமாரியில் டப்பாவை வைத்தால் மருந்து வீரியம் இழக்கும். உள்ளறையில், சூடும் வெளிச்சமும் படாத இடத்தில், அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும்.

குழந்தைக்கு முயற்சி செய்யும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், டி.எஸ்.ஹெச். 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது, 2.8-க்கு டோஸைச் சற்றே கூட்டச் சொல்லலாம். கூட்டினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. நாள் தள்ளிப்போய் கர்ப்பம் என்று தெரிந்ததும், ஸ்கேன் வரை காத்திராமல் அன்றே அவரைக் கூப்பிடுங்கள். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். அப்போது பெரும்பாலும் டோஸை 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும்.