ஆர்டர் இல்லாத மாதங்களில் என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் தையல் தொழில் செய்கிறேன். வருடத்தில் 3 மாதம் ஆர்டரே வருவதில்லை. எப்படிச் சமாளிப்பது?

பதில்: வேலை இல்லாவிட்டாலும் நிற்காத செலவுகளை, அதாவது மின்கட்டணம், மெஷின் கடன் தவணை போன்றவற்றை ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அந்த மாதத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை, ஆர்டர் வரும் 9 மாதமும் தனிக் கணக்கில் போட்டு வந்தால் மந்தமான 3 மாதத்துக்குச் சரியாக வரும். வீட்டுச் செலவுக் கணக்கில் வைத்தால் தங்காது.

தள்ளுபடிக்கு அவசரப்படாதீர்கள். அடக்கம் 70, விலை 100 என்றால் 20 சதவீதத் தள்ளுபடியில் லாபம் 30லிருந்து 10 ஆகிவிடும். அதே லாபத்துக்கு மூன்று மடங்கு தைக்க வேண்டும்! விலையைத் தொடாமல், பழைய வாடிக்கையாளர்களிடம் ஆல்டரேஷன், ஜிப் மாற்றும் வேலைகளைக் கேட்டு வாங்குங்கள்.

மெஷின் சர்வீஸுக்கும் இதுவே நேரம். பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் கூடு) அடியில் அடைந்த பஞ்சும் தையல் விட்டு விட்டு விழுவதற்கு ஒரு காரணம்.