பதினோரு பேர், ஒரு கேரம் போர்டு: வீட்டில் விளையாட்டு இரவு நடத்துவது பற்றிக் கேள்வி பதில்

ஏழு வருடமாக, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் வேளச்சேரி வீட்டில் நண்பர்கள் கூடி விளையாடுகிறோம். கொலு, வைகுண்ட ஏகாதசி, பொங்கல் என்று வந்தால் கூட்டம் இரட்டிப்பாகும். முதல் மாதம் பதினோரு பேர் வந்தார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கேரம் போர்டு. நான்கு பேர் ஆட, ஏழு பேர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று கற்றதுதான் இன்றைக்கும் என் ஒரே கணக்கு: எத்தனை விளையாட்டு இருக்கிறது என்று பார்க்காதே, எத்தனை பேருக்கு ஆட இடம் இருக்கிறது என்று பார். இனி உங்கள் கேள்விகள்.

அக்கா, முதல் முறையாக எட்டு நண்பர்களை அழைத்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். என்ன வாங்கலாம்? (கோவையிலிருந்து)

இரண்டு கட்டு சீட்டு, ஒரு நோட்டு, நாலு பேனா. மிச்சப் பணத்தைச் சாப்பாட்டில் போடு தம்பி.

ஆட்கள் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். ஏழு மணி என்றால் முதல் ஆள் ஆறே முக்காலுக்கு, கடைசி ஆள் எட்டேகாலுக்கு. அதனால் முதல் ஒரு மணி நேரம் 'கழுதை' ஆடுங்கள். விதியை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஒரு சுற்று பத்து நிமிடத்தில் முடியும், தாமதமாக வருகிறவர் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்வார்.

எல்லோரும் வந்த பிறகு 'லிட்ரேச்சர்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், புத்தகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு கட்டிலிருந்து நாலு எட்டுகளையும் எடுத்துவிட்டால் 48 சீட்டு மிஞ்சும். எட்டு பேருக்கு ஆளுக்கு ஆறு, நாலு நாலு பேராக இரண்டு அணி. ஒவ்வொரு ஜாதியிலும் 2 முதல் 7 வரை ஒரு செட், 9 முதல் ஏஸ் வரை இன்னொரு செட். ஆக எட்டு செட், அவற்றைச் சேர்ப்பதுதான் ஆட்டம். "உன்னிடம் ஆர்ட்டின் 9 இருக்கிறதா?" என்று எதிரணியில் ஒருவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஆனால் அந்த செட்டில் ஒரு சீட்டாவது உன் கையில் இருக்க வேண்டும், கேட்கும் சீட்டு இருக்கக் கூடாது. அவரிடம் இருந்தால் தந்துவிட வேண்டும், நீ மறுபடி கேட்கலாம். இல்லையென்றால் கேட்கும் முறை அவருக்குப் போகும். யார் யாரிடம் எதைக் கேட்டார்கள் என்று நினைவில் வைத்திருப்பவரே ராஜா. எட்டு பேரும் கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர்கூட போனை எடுக்கமாட்டார்.

கேரம் போர்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (மதுரை)

முதலில் அளவு. போட்டிகளில் ஆடும் போர்டின் ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம். பெரியவர்கள் ஆட அதற்குக் குறைந்து வாங்காதீர்கள். சின்ன போர்டு பிள்ளைகளுக்குச் சரி, நம் விரலுக்கு அது பாக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் பலகையின் தடிமன். நான் ஒரு முறை மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய பலகை வாங்கினேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. காய்கள் எல்லாம் தானாக ஒரு மூலைக்கு ஊர்ந்து போக ஆரம்பித்தன. அந்த மூலையில் உட்காரத்தான் சண்டை.

பவுடர் கொஞ்சமாகத் தூவினால் போதும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் போரிக் பவுடர், வாய்க்குள் போகக் கூடாது. குழந்தைகள் இருந்தால் டப்பாவை மேலே எடுத்து வையுங்கள்.

கேரம் சென்னைக்காரர்களுக்குச் சொந்த வீட்டு ஆட்டம் மாதிரி. சர்வதேச கேரம் கூட்டமைப்பு தொடங்கியதே 1988இல் சென்னையில்தான். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் இந்த ஊர்க்காரர். அதனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவராவது, "எங்க ஏரியா கிளப்பில் என்னை யாரும் அசைக்க முடியாது" என்பார். அவருக்காகவே எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. ஜெயித்த ஜோடி எழுந்துவிட வேண்டும், தோற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உலக வழக்கத்துக்கு நேர் எதிர்தான். ஆனால் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் ராத்திரி முழுவதும் போர்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இதோடு நின்றது.

வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க நண்பர்களை அழைக்கிறோம். பரமபதமும் தாயமும் இருக்கிறது. ஆனால் தாயம் என்றாலே பசங்க கொட்டாவி விடுகிறார்கள். (தஞ்சாவூர்)

கொட்டாவிக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு பித்தளைக் கட்டைகளிலும் தலா நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை (இரண்டும் வெறுமையானால் 12). உருட்டினால் விழக்கூடியவை 16 வகை. அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று விழுவது இரண்டே வகையில். எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்பதால், ஐந்து முறை உருட்டியும் காய் இறங்காமல் இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் பக்கத்தில் இருப்பவருக்கு 12, 6, 5 என்று விழுந்து மறுபடி மறுபடி உருட்டிக்கொண்டிருப்பார். இவன் கொட்டாவி விடாமல் என்ன செய்வான்?

நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். தாயத்துக்கும் இறங்கலாம், ஐந்துக்கும் இறங்கலாம். வாய்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். ஐந்து முறை உருட்டியும் காத்திருக்க நேர்வது நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 'வெட்டாமல் உள்ளே போகக் கூடாது' என்ற விதியை மட்டும் தொடாதீர்கள், ஆட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. சுற்றை முடித்துப் பழமாகப் போகிற காயை வாசலில் வைத்து வெட்டும்போது எழும் கூச்சலில் யாருக்குத் தூக்கம் வரும்?

பரமபதத்தை நடுநிசிக்கு மேல் எடுங்கள். மூளை வேலை செய்யாத நேரத்துக்கு ஏற்ற ஆட்டம், பாம்பு கொத்தினால் சிரிக்க மட்டும் தெரிந்தால் போதும். விரதம் இருப்பவர்கள் யார் யார் என்று முன்பே கேட்டுவிடுங்கள். அவர்கள் முன்னால் சுடச்சுட இட்லி வைப்பது பாவம்.

ரம்மிக்குச் சின்னதாகப் பணம் வைத்தால்தானே சுவாரசியம்? பாயிண்டுக்கு ஒரு ரூபாய்தான். (திருச்சி)

வேண்டாம் சார். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லியிருக்கிறது என்பீர்கள். சரிதான். ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதற்கு 2025இல் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, 600 ரூபாய்க்காகச் சண்டை போட்ட இரண்டு பேர் எட்டு மாதம் பேசாமல் இருந்தார்கள். இருவரையும் மாற்றி மாற்றி அழைத்து அலுத்துப்போனது நான்தான்.

இப்போது புளியங்கொட்டை. ஆளுக்கு ஐம்பது. தீர்ந்தவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். என்ன ஆச்சரியம் என்றால், புளியங்கொட்டைக்கும் அதே வெறியோடுதான் ஆடுகிறார்கள்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். தீபாவளிக்கு அலுவலக நண்பர்கள் இருபது பேர் வருகிறார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், தமிழர்கள் கலந்த கூட்டம். எந்த விளையாட்டு ஒத்துவரும்?

பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். மலாய் நண்பர்கள் பார்த்தவுடன் "சொங்காக்!" என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம், அங்கேயும் பக்கத்துக்கு ஏழு குழி பரவலாக உண்டு. வித்தியாசம், சொங்காக்கில் இரு முனையிலும் காய் சேர்க்க ஒரு பெரிய குழி இருக்கும். முத்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது அந்தக் குழியிலும் ஒன்று விழும். நம்முடையதில் அது கிடையாது. கை முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு', குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். "பசு" என்று யார் முதலில் கத்துவது என்பதிலேயே மொழி தெரியாதவர்களும் சேர்ந்துவிடுவார்கள். கல்லாங்காய் போலவே அங்கே அரிசி, பயறு நிரப்பிய துணிப்பைகளை வைத்து ஆடுவார்கள் இல்லையா, ஒரு மூலையில் அதையும் வையுங்கள்.

இருபது பேரையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்க தம்போலா, கூப்பிடும் எண்ணைத் தன் எண் சீட்டில் அடித்துக்கொண்டே போகும் ஆட்டம். சீட்டில் 15 எண், கூப்பிடுவது 1 முதல் 90 வரை. எண்களைத் தமிழ், மலாய், சீனம் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடச் சொல்லுங்கள், ரகளையாக இருக்கும். சாப்பாடு முழுக்கச் சைவமாக இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒரு நண்பர் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். விதியைப் பற்றியே வாதம். (சேலம்)

தம்போலாவில் எண் கூப்பிடும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

என்ன சாப்பாடு, எவ்வளவு? (நாகர்கோவில்)

கையில் எண்ணெய் ஒட்டுகிற எதுவும் ஆட்டத்துக்கு நடுவில் வரக் கூடாது. பஜ்ஜி சாப்பிட்ட கையோடு தொட்ட ஸ்பேடு ராணியை மறுநாள் முதுகை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வீட்டில் சுண்டல்தான், கிண்ணமும் ஸ்பூனுமாக. ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை வரும், இருபத்தைந்து பேருக்குத் தாராளம். முந்தின ராத்திரியே ஊறப்போட மறந்துவிட்டால் பாசிப்பருப்புச் சுண்டலுக்கு மாறிவிடுங்கள். எட்டரைக்கு எல்லா ஆட்டத்தையும் நிறுத்தி அரை மணி நேரம் சாப்பாடு. ஆடிக்கொண்டே சாப்பிட்டால் ஆட்டமும் போகும், இட்லியும் ஆறும்.

மேடம், அப்பா அம்மாவும் அதே ஹாலில்தான் இருப்பார்கள். வாங்கப்பா என்றால் "நீங்க ஆடுங்க, எங்களுக்கு எதுக்கு" என்று டிவி பக்கம் போய்விடுகிறார்கள். (சென்னை, அம்பத்தூர்)

விளையாடக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். சொல்லித்தரக் கூப்பிடுங்கள்.

என் மாமனார் மூன்று வருடம் இப்படித்தான் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் தரையில் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டம் வரைந்து, வேண்டுமென்றே ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டேன். பத்து நிமிடம் பொறுத்தார். அப்புறம் எழுந்து வந்து அழித்துவிட்டு அவரே வரைந்தார். 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. "ஆட்டை ஒவ்வொண்ணா இறக்கணும். பதினைஞ்சும் இறங்குறவரைக்கும் ஆடு நகரக் கூடாது. புலி தாண்டலாம்" என்று ஆரம்பித்தவர், ஆடுகளை எடுத்துக்கொண்டு பொறியியல் படித்த இரண்டு பேரின் புலிகளை அடைத்து நிறுத்தினார். ரகசியம் கேட்டோம். நடுப்புள்ளிக்கு ஆசைப்படாமல் கீழ்வரிசையை முதலில் நிரப்ப வேண்டுமாம், முதுகுக்குப் பின்னால் காலியிடம் இல்லாத ஆட்டைப் புலியால் தாண்ட முடியாதே. இப்போது இரண்டாவது சனிக்கிழமை என்றால் அவர்தான் ஐந்து மணிக்கே ஜமக்காளத்தை விரிக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. அவர்கள் ஊர் விதிதான் அன்றைக்கு விதி. இணையத்தில் தேடித் திருத்தாதீர்கள்.

கட்டான் மாதிரி வெளிநாட்டு போர்டு கேம்கள் எப்படி? (பெங்களூரு)

எனக்குப் பிடிக்கும். ஆனால் கட்டான் மூன்று, நாலு பேருக்கான ஆட்டம். விதி சொல்லவே கால் மணி நேரம் ஆகும். அதைத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டால் 'மாஃபியா' போதும், யார் பொய் சொல்கிறார்கள் என்று பேசியே கண்டுபிடிக்கும் காசில்லாத ஆட்டம். 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. நம் ஆட்கள் பொய் சொல்வதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்பது அன்றுதான் தெரியும்.

கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார். பாட்டுகூடப் போடுவதில்லை. (சென்னை)

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை, அது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கவனிக்காதது தாயக்கட்டையாக இருக்கும். டைல்ஸ் தரையில் பித்தளைக் கட்டையை உருட்டினால் கீழே படுத்திருப்பவருக்குச் சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். கனமான ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு அதன் மேல் உருட்டுங்கள். அதோடு ஒரு கிண்ணம் சுண்டலை ஏழு மணிக்கே கீழ்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஒன்பது மணிக்கு அல்ல.

அக்கா, எல்லாம் சரி. இவர்களைக் கிளப்புவது எப்படி? மணி ஒன்றானாலும் எழுவதில்லை. (விழுப்புரம்)

பத்தரைக்கு "இது கடைசி ஆட்டம்" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டேன். அதனால் ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுகிறேன். ஒருவர் சீட்டுக்கட்டில் 52 இருக்கிறதா என்று எண்ண வேண்டும், ஒருவர் கேரம் காய் ஒன்பதும் ஒன்பதும் சிவப்பும் பார்க்க வேண்டும், ஒருவர் பல்லாங்குழி முத்து. எங்கள் பலகைக்குக் குழிக்கு ஆறு வீதம் 84. உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணுவதற்காக எழுந்தால் அப்படியே செருப்பு மாட்டிக்கொள்வார்கள், இது எப்படியோ வேலை செய்கிறது. போன மாதம் 81தான் தேறியது. மீதி மூன்றும் சோபாவுக்கு அடியில் இருக்கும் என்று நினைக்கிறேன், இன்னும் குனிந்து பார்க்கவில்லை.