எடையைக் குறைத்து ஓடும் டிரெட்மில்: வாசகர் கேள்விகள்

இந்த டிரெட்மில்லில் அரைக்கால் சட்டை ஒன்றை அணிந்து, அதை இடுப்பைச் சுற்றியுள்ள காற்றுப் பையோடு ஜிப்பால் இணைத்துக்கொள்ள வேண்டும். பையின் காற்றழுத்தம் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். 60 சதவீதம் என்றால் உங்கள் எடையில் 60 சதவீதம்தான் காலில் விழும்.

கெண்டைக்கால் எலும்பில் ஹேர்லைன் விரிசல் விழுந்து எட்டு வாரம் ஆகிறது. காற்றழுத்த டிரெட்மில்லில் 60 சதவீத எடையில், மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் ஓடுகிறேன். காவலர் தேர்வின் 1500 மீட்டருக்கு இது போதுமா? (உசிலம்பட்டி)

போதாது. 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 12.9 கி.மீ.; உங்கள் கணக்கு சரிதான். ஆனால் எடை குறைந்தால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை குறைந்துவிடும். அங்கே சுலபமாக வரும் வேகம் தரையில் வராது.

அதைவிடப் பெரிய விஷயம் எலும்பு. அதை அமுக்குவதில் பெரும்பங்கு கெண்டைச் சதையின் இழுப்புக்குத்தான். வேகம் ஏற ஏற இழுப்பும் ஏறும். எடையில் 40 சதவீதத்தைக் குறைத்ததால் எலும்பின் சுமையும் 40 சதவீதம் குறைந்துவிடாது.

முதலில் வேகத்தை 9-க்கு இறக்குங்கள். 2 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓட்டம், இப்படி 6 முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை விரிசல் இருந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒற்றைக் காலில் நின்றும் பாருங்கள். துளியும் வலி இல்லையென்றால் மட்டும் 5 சதவீதம் எடை கூட்டலாம். எடை கூட்டிய நாளில் வேகத்தையும் நேரத்தையும் தொடாதீர்கள். 90 சதவீதத்தில் வலியில்லாமல் ஓடிய பிறகு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தரையில் ஓடலாம். அங்கும் முதலில் மெதுவான ஓட்டம், வேகம் கடைசியில்தான்.

விரிசல் கெண்டைக்கால் எலும்பின் முன்விளிம்பிலோ, தொடை எலும்பின் கழுத்திலோ, பாதத்தின் நடுவில் உள்ள நேவிகுலர் எலும்பிலோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. எலும்பு மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட வேண்டாம்.

திரையில் 60 என்று காட்டுகிறது, கால் கனமாகவே இருக்கிறதே? (கே.கே. நகர்)

முதலில் அரைக்கால் சட்டையைப் பாருங்கள். இடுப்பில் தளர்வாக இருந்தாலோ, ஜிப் முழுக்க ஏறாவிட்டாலோ காற்று கசியும். அடுத்து காற்றுப் பையைத் தாங்கும் சட்டத்தின் உயரம். அது இடுப்பெலும்பு மட்டத்தில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் மெஷின் எடையை அளக்கும்போது பலர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அளவு அங்கேயே தவறிவிடும். சந்தேகம் இருந்தால் ஓடாத பெல்ட்டின் மேல் எடைக்கருவியை வைத்து நின்று பாருங்கள்: 70 கிலோ ஆளுக்கு 60 சதவீதம் என்றால் 42 கிலோ காட்ட வேண்டும்.

ஜல்லிக்கட்டில் முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகிப் பத்து வாரம். ஓட ஆரம்பிக்கலாமா? (அலங்காநல்லூர்)

நடக்கலாம். ஓட்டத்துக்குக் குறைந்தது 12 வாரம் ஆகட்டும். வாரம் ஆகிவிட்டது என்பது மட்டுமே போதாது. முட்டியில் வீக்கம் இருக்கக் கூடாது, கால் முழுசாக நீள வேண்டும், முன்தொடையின் பலம் மறுகாலின் பலத்தில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் 50 சதவீத எடையில் தொடங்கலாம். மெஷின் நேராக ஓடத்தான் பழக்கும். மாட்டுக்கு முன்னால் திரும்புவதும் பாய்வதும் வேறு பயிற்சி. அதற்கு மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் மறுபடியும் கிழியும்.

கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் மெஷினில் ஏறாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் வலி, அதற்கு இந்த மெஷின் உதவுமா? (திருமங்கலம்)

ஓரளவுதான். ஒற்றைக் காலில் 20 முறையாவது குதிகாலை உயர்த்தும் பலம் வந்த பிறகு ஓடுங்கள்.

பக்கத்தில் மெஷின் இல்லை. தோட்டத்துக் கிணறு இருக்கிறது. (மேலூர்)

தண்ணீரும் எடையைத் தாங்கும். நீச்சல் குளத்தில் இடுப்பு வரை நின்றால் காலில் பாதி எடை, நெஞ்செலும்பின் கீழ்முனை வரை நின்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கிணற்றில் கால் ஊன்ற இடமில்லாததால் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, உடம்பை நிமிர்த்தி, ஓடுவதுபோல் காலை வீச வேண்டும். 1 நிமிடம் வேகம், 1 நிமிடம் நிதானம், மொத்தம் 20 நிமிடம். தம் குறையாமல் இருக்கும். ஆனால் எலும்புக்குத் தரை அதிர்வு பழகாது. அதனால் நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். தையல் காயம் முழுக்க மூடியிருக்க வேண்டும். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீச்சல் தெரிந்த ஒருவரை மேலே நிறுத்திவிட்டு இறங்குங்கள்.